ஏழாவது குப்பி

லக்கோனியா வளைகுடாவில் காற்று அடங்கிய இரவுகளில்
கப்பலும் கப்பலும் விலா உரச நிற்கும்.
நடுவில் ரப்பர் மெத்தைகள் முனகும்.
குழாய் வழியே
கறுப்பு இடம் மாறும்.

என் வேலை சிறியது.
பித்தளைக் குவளையைத் தொட்டிக்குள் இறக்கி
மேல், நடு, அடி என்று அள்ள வேண்டும்.
ஆறு குப்பி, ஆறு அரக்கு முத்திரை.
பிறகு படிவம்.
அதில் 'பிறப்பிடம்' என்றொரு கட்டம்,
தீப்பெட்டி அகலம்கூட இராது.

போன மாதக் கப்பலின் பின்புறத்தில்
ஸுராப் தொங்கிக்கொண்டிருந்தான்.
பத்தூமிக்காரன். இடுப்பில் கயிறு, கையில் தூரிகை.
"இந்த வருஷம் இதற்கு நாலாவது பெயர்" என்றான்.
பற்றவைத்து எழுப்பிய பழைய எழுத்துகள்
பெயின்டுக்கு அடியில் புடைத்து நின்றன,
போர்வைக்குள் முழங்கால் மாதிரி.
கொடியும் புதுசு.
அந்தக் கொடியின் நாட்டுக்குக் கடலே கிடையாது.

ஆய்வகத்தில் ஒரு சொட்டு போதும்.
எவ்வளவு கந்தகம், எவ்வளவு நிக்கல்,
எந்த வயலின் எந்தக் கிணறு,
எல்லாம் வரைகோட்டில் எழும்பிவிடும்.
எண்ணெய்க்குப் பொய் சொல்லத் தெரியாது.
அதனால்தான் எங்களை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

நூற்றுக்கு நாற்பத்தொன்பது அங்கிருந்து.
ஐம்பத்தொன்று வேறெங்கிருந்தோ.
பாதியைத் தாண்டிய அந்த ஒற்றைத் துளியில்
எங்கள் வெளியுறவுக் கொள்கை மிதக்கிறது.
கட்டத்தில் 'கலப்பு' என்று எழுதுவேன்.
கீழே கையெழுத்து: எவாந்தியா.
வாலைக் கொஞ்சம் நீட்டி இழுப்பது பழக்கம்.

தொலைக்காட்சியில் துணை அமைச்சர் வார்தாலிஸ்
"ஒரு சொட்டும் வாங்குவதில்லை" என்கிறார்.
பொய்யில்லை, அதுதான் சங்கடம்.
வாங்குவதில்லை.
வருகிறது.

பொலிக்ஸேனி ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள்.
அடுப்புக்கான ரசீது இரண்டு மடங்காகி
மூன்றை எட்டிப் பார்க்கிறது.
மாவுக் கையோடு ஒருநாள் சொன்னாள்:
"தடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.
குண்டு விழுகிற ஊரிலும்
விடியுமுன் எழுந்து மாவு பிசைகிற ஒருத்தி இருப்பாள்.
அவளுக்காக என்றால் கட்டுகிறேன், இன்னும் கூடக் கட்டுகிறேன்.
நான் கட்டுவது யாருக்குப் போகிறது,
அதை மட்டும் யாராவது சொல்லட்டும்."

என் தோள்பையில் ஆறு குப்பிகள்
ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.
எள் ரொட்டி இரண்டு வாங்கினேன்.
காசு இல்லை, கடன் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தேர்தல் வந்தது. வார்தாலிஸும் வந்தார்.
நகரமன்றக் கூடத்தில் எண்ணெய்க் கணப்பு எரிந்தது.
எல்லாருக்கும் இதமாகத்தான் இருந்தது.
மீனவன் ஒருவன் எழுந்து
இரவில் வளைகுடாவில் என்ன நடக்கிறது என்று கேட்டான்.
அமைச்சர் சிரித்தார். திரையைக் காட்டினார்.
ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிய என் படிவம்.
"நம் அதிகாரிகளின் சான்று. இதற்கு மேல் என்ன நேர்மை வேண்டும்?"
கைதட்டல்.

பெயரை மறைத்திருந்தார்கள், கரிசனமாக.
வாலை மறக்க விட்டுவிட்டார்கள்.
மூன்றாம் வரிசையிலிருந்து பொலிக்ஸேனி
மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.
மாதாமாதம் அவள் நோட்டில் பார்க்கிற வால்.

அன்றிரவுக் கப்பலில் ஏழாவதாக ஒரு குப்பி அள்ளினேன்.
முத்திரை வைத்தேன்.
சீட்டில் ஊரின் உண்மைப் பெயர் எழுதினேன்,
கிணற்றின் எண்ணோடு.

துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.
படிவத்தில் இன்னும் 'கலப்பு' என்றுதான் எழுதுகிறேன்.
வீட்டுக் கடன் பாக்கி பதினோரு வருஷம்.

விடிந்ததும் கடைப் பலகைமேல் குப்பியை வைத்தேன்.
மூடி திறந்து முகர்ந்தாள். முகம் சுளித்தாள்.
"இதுவா?"
"இதுதான்."

சீட்டை இரண்டு முறை படித்தாள்.
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்,
வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி
எழுத்து வெளியே தெரிய நிறுத்தினாள்.

பிறகு கடன் நோட்டை எடுத்து,
பழைய பாக்கி முழுவதையும்
எண்ணி வாங்கிக்கொண்டாள்.