ஹாரன் வரும் இடம்

இரண்டு நிமிடம் நாற்பத்தோராவது நொடியில்
ஒரு பஸ் ஹாரன் வரும்.
அதற்குத்தான் எல்லோரும் கையைத் தூக்குவார்கள்.

இருபத்தாறு வருடமாய்
கல்யாண விருந்துகளுக்கு ஒலிப்பெட்டி வைக்கிறேன்.
கேக் வெட்டி முடிந்ததும்
யாராவது ஒருத்தன் சட்டை நனைய வந்து
"அண்ணே, அந்த ஹாரன் பாட்டு" என்பான்.
பாட்டின் பெயரையே யாரும் சொல்வதில்லை.
பாடினவள் பெயரை எங்கே சொல்ல?

கேசட் அட்டையில்
இசையமைத்தவர், எழுதியவர், கிட்டார், தபலா,
பசியாற வாங்கிக் கொடுத்த கடை உட்பட
எல்லாம் அச்சாகியிருக்கிறது.
குரலுக்கு நேரே
"மற்றும் குழுவினர்."

குழுவினர் என்பது ஒரே ஒரு பெண்.
பல்லவியில் கொஞ்சம் மூக்கடைப்பு.
எங்கள் பக்கம் மளை என்போம்;
அவள் மழை என்பாள்,
பாசி படிந்த படியில் காலை ஊன்றுவது மாதிரி.
இரண்டாம் சரணத்தில் எதற்கோ அவசரம்,
தாளத்தை முதுகில் தள்ளிக்கொண்டு போகிறாள்.
ஆடுகிறவர்களுக்கு அந்த அவசரம்தான் பிடிக்கும்.

பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்த எங்கள் ஊர்
பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது.
பால்மரம் செம்பனை ஆனது.
பெயர் போவது இங்கே பெரிய சமாச்சாரம் இல்லை.
இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

கேசட் விற்ற கடையில் இப்போது கைப்பேசி உறை.
"அப்பாவைக் கேட்டால் தெரியும்" என்றான் மகன்.
அப்பா உள்ளேதான் இருந்தார்.
தெரியவில்லை.

அதில் கீபோர்ட் வாசித்த சவரியப்பன்
ஈஜோக்கில் ஏர்கான் கழுவுகிறார்.
ஏணியில் நின்றபடியே சொன்னார்:
"பாட வேண்டியவ வரல.
இவ அவளுக்குச் சிநேகிதி.
சேதி சொல்லத்தான் வந்தா, நிறுத்திப் பாட வச்சோம்.
ஒரே டேக். ராத்திரி சிஃப்ட்.
கம்பெனி பஸ் வெளிய நிக்குது,
டிரைவர் அடிச்சான் பாரு ஹாரன்,
மைக்குல ஏறிப்போச்சு. திரும்ப எடுக்கக் காசில்ல.
நாப்பது வெள்ளி குடுத்தோம்."
கொஞ்ச நேரம் கழித்து,
"முப்பது."

பெயர்?

வாளியில் தண்ணீர் கறுப்பாய் விழுந்துகொண்டிருந்தது.
"நீலச் சட்டை. கம்பெனி சட்டை.
நெஞ்சுல பேர் அட்டைகூட குத்தியிருந்தா."

யாரும் படிக்கவில்லை.

ஹாரனை ஒரு வாத்தியம் என்றே நினைத்திருந்தேன்,
யாரோ யோசித்து வைத்த இடம் என்று.
முடிவில் குரல் தேய்ந்து போகுமே,
அதையும் யாரோ திருகிக் குறைத்தார்கள் என்று.
அது அவள்
பாடிக்கொண்டே வாசலுக்கு நடந்தது.

பஸ் டிரைவர் செத்துப் பதினோரு வருடம்.
கம்பெனி வியட்நாமுக்குப் போய்விட்டது.

போன சனிக்கிழமை
ஒரு லோரி முதலாளி வீட்டு விருந்து.
பாட்டைப் போட்டுவிட்டு
ஆடுகிறவர்களைப் பார்க்காமல்
உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன்.
இரண்டு முப்பத்தொன்பது. நாற்பது.
ஹாரன்.
நூறு கை மேலே.
பின்வரிசையில், காற்றாடிக்குக் கீழே,
ஐம்பதைத் தாண்டிய ஒருத்தி
நாற்காலிக்கு அடியிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டு
எழுந்தேவிட்டாள்.

வயர்களைத் தாண்டி நான் ஓடுவதற்குள்
பக்கத்து மேசையில் இன்னொருத்தி,
தூண் ஓரம் இன்னும் இரண்டு பேர்,
தோளில் பையோடு பாதி எழுந்து,
ஒருவரையொருவர் பார்த்து,
வாயைப் பொத்திச் சிரித்து,
உட்கார்ந்தார்கள்.

மண்டபத்தின் நடுவில் நின்றேன்.
பின்னால் பாட்டு வாசலுக்கு நடந்துகொண்டிருந்தது.
நால்வரில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

மழைக்காலம்.
ஊரில் எல்லோருக்கும்தான் சளி.