தாள் கியர்

றம்பொடை இறக்கத்தில் ஒரு பலகை.
மூன்று மொழியிலும் ஒரே கட்டளை.
தமிழில் மட்டும் எழுத்தொன்று வழுக்கி
"தாள் கியரில் செல்லவும்" என்று
எத்தனை மழையாகவோ நிற்கிறது.

நான் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.
மூன்றாம் வருடம். பதினெட்டுத் தாள் முடிந்தது.
நாளை காலை ஒன்பதுக்குப் பத்தொன்பதாவது:
வாகன இயக்கவியல்.

அனுமதிக் கடிதம் வந்த அன்று
நானுஓயா ஸ்டாண்டில் த்ரீவீலர் ஓட்டும்
அண்ணன் லோகேந்திரன் கேட்டான்,
"பிளக் கழற்ற ஒரு பட்டமா?"
இப்போது அவனே ராத்திரியில் அழைத்து
போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடிக்கிறான்.
அது இருமும்.
சளியா ஆஸ்துமாவா என்று நான் சொல்லவேண்டும்.

உயர்தரத்தில் தமிழில் படித்த முறுக்குவிசை
முதல் செமஸ்டரில் டோர்க் ஆனது.
பட்டறையில் அதற்குப் பெயரே இல்லை.
"இன்னும் கொஞ்சம், போதும், போதும்" என்பார்
விஜேகோன், சிங்களத்தில்.
நாற்பத்தொரு பேரில் நானும் கம்பளை சஸ்னாவும்.
எங்கள் அளவுக்கு ஓவரோல் தைக்கப்படவில்லை.
கால்களை மூன்று மடிப்பு மடித்து
வண்டிக்கடியில் நுழைவோம்.
கிரீஸுக்கு எங்கள் அளவு தெரிந்திருந்தது.

ஞாயிறு பகல், கண்டி பஸ்.
மதகுருமாருக்கு ஒதுக்கிய ஆசனத்துக்குப் பின்சீட்டில்
மடியில் கொப்பி.
பதினொரு தொன் எடை, அறுநூறு மீட்டர் இறக்கம்:
ஏறக்குறைய அறுபத்தைந்து மெகாஜூல்.
இவ்வளவும் எங்கே போகும்?
பிரேக்கில்தான், சூடாக.
அதே சூட்டில்
ஆயிரம் கோப்பைக்குத் தண்ணீர் கொதிக்கும்.
ஒரு டிவிஷன் முழுக்கத் தேத்தண்ணி குடித்து
மறு கோப்பையும் கேட்கலாம்.
இதைப் பென்சிலால் எழுதி
நானே சிரித்துக்கொண்டிருந்தபோது
வாசம் வந்தது.

சட்டியில் மறந்த வெந்தயம்,
அதோடு கொஞ்சம் ரப்பர்.

அதன் ஆங்கிலப் பெயர் எனக்குத் தெரியும்.
ஏழாம் அத்தியாயம், வரைபடத்தோடு.
சாரதிக்குச் சொல்ல
எந்த மொழியிலும் ஒரு சொல் இல்லை.
அவருக்கோ என் சொல் தேவைப்படவில்லை.
மிதியை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.
கழுத்தில் வேர்த்தது, அந்தக் குளிரில்.
வளைவு தாண்டி, மண்மேட்டோரம்
முனகி நின்றது பஸ்.

கொண்டக்டர் அருவியில் கேன் நிரப்பி ஓடிவந்தார்.
"வத்துர எப்பா!"
தண்ணீர் வேண்டாம் என்பதற்கு
அந்த நேரம் அந்த மொழிதான் வாயில் நின்றது.
கொதிக்கும் வார்ப்பிரும்பு வெடிக்கும் என்பதை
மூன்று மொழியும் கலந்து, கையால் காட்டினேன்.
கேன் பாதி வழியில் நின்றது.

பிறகு ஒவ்வொரு சக்கரமாகப் போனேன்.
தொடாமல், ஒரு சாண் தள்ளி உள்ளங்கை.
முன் வலது: அடுப்பு.
முன் இடது: அடுப்பு.
பின் வலது: கையை இழுத்துக்கொண்டேன்.
பின் இடது
விடியற்காலைக் குழாயடி போலக் குளிர்ந்திருந்தது.

எல்லோரும் புகைகிற சக்கரத்தையே
பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
"அதில்லை, இது" என்றேன்.
"இது வேலையே செய்யவில்லை."
சாரதி குனிந்து பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
என் செருப்பையும் பார்த்தார்.
பின்சீட்டில் ஒரு குரல்:
"புள்ள, ஏறும்மா, நேரமாகுது."

சூடு ஆறும்வரை முக்கால் மணித்தியாலம்.
பிறகு புசல்லாவை வரை முதலாம் கியர்.
எஞ்சின் ஒப்பாரி வைத்தது.
சைக்கிளில் ஒரு பையன் எங்களை முந்திப் போனான்.
அங்கே வேறு பஸ்.
மிச்சக் காசு கிடைக்கவில்லை.

திங்கள். மூன்றாம் கேள்வி.
மலையிறங்கும் பஸ், எடை தந்திருந்தார்கள்,
சரிவு தந்திருந்தார்கள்.
கடைசி வரி:
எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்
சமமாக இயங்குவதாகக் கொள்க.

பேனா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
மேற்பார்வையாளர் ஒருமுறை சுற்றிப் போனார்.
பதினைந்து புள்ளி.
கொண்டேன்.
நாலால் வகுத்தேன், விடை வந்தது, கீழே இரண்டு கோடு.

ஓரத்தில் நாலு வட்டம் போட்டிருந்தேன் போலிருக்கிறது.
ஒன்றில் மட்டும்
நிழல் தீட்டவில்லை.