பலகை இல்லாத நிறுத்தம்

இருபத்தாறு வருடம்
ஆல்லர் ஆற்றோரம் ஏழாம் நம்பர் பஸ் ஓட்டிய கைகள்.
திருப்பினால் திரும்பும்,
பன்னிரண்டு டன் இரும்பு,
மறுபேச்சு கிடையாது.

இன்று இந்தக் கைகளை வைத்துக்கொண்டு
என்ன செய்வதென்று தெரியவில்லை.
"கை பேசக் கூடாது, வீப்கே" என்கிறாள் யோரிட்,
என் மகளைவிட இரண்டு வயது சின்னவள்,
மணல் நடுவே
நீளக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி.

அங்கவடி தரவில்லை.
ஃபென்யாவுக்கு வயது பத்தொன்பது.
அவள் துள்ளோட்டம் பிடித்தால்
சேணத்தின் மேல் நான்
சட்டியில் விழுந்த கடுகு.

சுவரெங்கும் எழுத்துகள்:
ஏ, கே, ஈ, ஹெச், சி...
இது எந்த ஊர் அரிச்சுவடி என்றேன்.
"யாருக்கும் சரியாத் தெரியாது"
என்றாள், கவலையே இல்லாமல்.
எனக்குப் பிடித்துப்போயிற்று.
என் வழித்தடமும் அப்படித்தான்,
ஆஸ்பத்திரி, ரொட்டிக்கடை, கல்லறை,
மறுபடி ஒரு ரொட்டிக்கடை.

நட்டநடுவில் எக்ஸ்.
அதற்குப் பலகை இல்லை.
மணலில் கோடும் இல்லை.
இருக்கிறது என்று நம்பிப் போய்
நிற்க வேண்டும்.

நவம்பரில் கயிற்றைக் கழற்றினாள்.
"ஏ-யில் உள்ளே வா. எக்ஸில் நில்.
இழுக்காதே.
மூச்சை மட்டும் விடு."

நூல் பிடித்தாற்போல வந்தேன்
என்று நான் நினைத்தேன்.
மணலில் கிடந்த குளம்புத் தடமோ
குடித்தவன் வீடு திரும்பிய வழி.
பயத்தில் மூச்சு விட மறந்து,
மறந்தது நினைவு வந்து,
விட்டேன்.

எனக்குக் கீழே
அறுநூறு கிலோ ஒரு கணம் யோசித்தது.
நின்றது.

ஒரு காது மட்டும் பின்னால் திரும்பியது,
இதைத்தானே கேட்டாய்?
கைகள் எதுவும் செய்திருக்கவில்லை.
யாரோ மறந்துவிட்டுப் போன கையுறைகள் மாதிரி
சும்மா இருந்தன.

யோரிட் கைதட்டவில்லை.
"பின்கால் இடப்பக்கம் விலகியிருக்கு.
எக்ஸ் இன்னும் மூணு மீட்டர் தள்ளி."
ஃபென்யா நின்ற இடத்திலேயே லத்தி போட்டாள்.
குளிரில் ஆவி பறந்தது.
அங்கே இப்போது ஓர் அடையாளம் உண்டு,
தப்பான இடத்தில்.

திங்கட்கிழமை, ஐந்து ஐம்பது, மழை.
இரண்டாம் ரொட்டிக்கடையில்
குடையோடு ஒருவர் கை காட்டுகிறார்.
முதுகை நிமிர்த்தி
மெல்ல மூச்சை விடுகிறேன்.

பஸ் அதன்பாட்டுக்குப் போகிறது.
பிரேக்கை மிதிக்கிறேன்.