இரண்டு கோச்சிகளுக்கு நடுவே

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்
கடைசிக் கட்டடம்.
கீழே போட்டோக் கொப்பிக் கடை.
மேலே, மூடிப்போன லொட்ஜ் ஒன்றிலிருந்து
மலிவாக வாங்கிய பதினேழு மெத்தைகளைச்
சுவரோடு நிறுத்தி ஆணியடித்து
ஜெனீரா ஜல்தீன் கட்டிய ஸ்டூடியோ.

யார் யாரோ தூங்கிய கறைகளைப் பார்த்தபடிதான்
முதன்முதலாகப் பேஸ் கிற்றாரைப் பதிவுக்குத் தூக்கினேன்.
எனக்குப் பத்தொன்பது. அவளுக்கு இருபத்தைந்து.
அவளுக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது.

மெத்தைகள் மனிதக் குரலை விழுங்கும்,
ரயிலை விழுங்கா.
ஆகையால் கதவின் உட்புறம்
அவள் கையெழுத்தில் ஒரு நேர அட்டவணை:
கோட்டைப் பக்கமிருந்து வருவது,
களுத்துறைப் பக்கமிருந்து வருவது,
வழக்கமாகப் பிந்துவது,
சிவப்புப் பேனையில்
"சனிக்கிழமை நம்ப ஏலா."

முதல் வேலை ரப்பர் செருப்பு விளம்பரம்.
இருபது செக்கன்.
பதினொரு தடவை வாசித்தேன்.
ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக்கு அப்பால்
பிளேன்டியை ஊதிக்கொண்டு சொன்னாள்:
"நிறைய இருக்கு. கொஞ்சம் எடு."
எதை எடுப்பதென்று சொல்லவில்லை.
பன்னிரண்டாவதில்
வந்த கோபத்தில் பாதிச் சுரங்களை விட்டுவிட்டேன்.
"ஆ, இப்பதான் செருப்பு நடக்குது."

பிறகு கல்யாண வீடியோக்கள்,
தேர்தலில் கட்டுப்பணம் இழந்த ஒருவரின் பிரசாரப் பாட்டு,
என் பெயரைப் பிழையாக அச்சடித்த ஒரு கசெட்.
எல்லாமே நாலு பன்னிரண்டுக்கும்
நாலு முப்பத்தொன்றுக்கும் இடையில்.
உப்புக் காற்றில் தந்தி துருப்பிடிக்கும்.
விரல் நுனியில் செம்மஞ்சள் கறையோடு
பஸ்ஸில் தொங்கி வீட்டுக்குப் போவேன்.

ஒருமுறை ரயில்வே வேலைநிறுத்தம்.
நாள் முழுக்க எங்களுடையது என்று துள்ளினேன்.
கடல் மட்டும், மெல்ல.
வாசித்தேன், வாசித்தேன்,
எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை.
சந்தையில் பை கிழிந்தவன் போல
சுரங்களைக் கொட்டிக்கொண்டே போனேன்.
ஆறு மணிக்கு மெஷினை நிறுத்தினாள்.
"கோச்சி ஓடட்டும், பிறகு வா."

இப்போது மேடைகளில்
என் இடைவெளிகளைப் புகழ்கிறார்கள்.
ஆழ்ந்த மௌனம் என்று எழுதினார் ஒருவர்.
அது அளுத்கம ரயில், ஐயா.

போன மாதம் வலது காதில் ஒரு இரைச்சல்.
பம்பலப்பிட்டியில் செவிப்புலன் பரிசோதிக்கும் இடம்.
மெத்தை வைத்துத் தைத்த சின்ன அறை,
கண்ணாடிக்கு அப்பால்
நரை விழுந்த ஜெனீரா.
மெஷினை விற்ற பிறகு இதைத்தான் படித்தாளாம்.
சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கு என்றாள்.
அமுக்கினேன். அமுக்கினேன்.
பிறகும் அமுக்கினேன்.
"நான் சத்தம் ஒண்டும் போடல்லயே?"
"கோச்சி" என்றேன்.
மணிக்கூட்டைப் பார்த்தாள்.
"பிந்தித்தான் வருது இன்னும்."

கூர்மையான ஓசைகளில் கொஞ்சம் போய்விட்டதாம்,
பேஸுக்கு அது பெரிய நட்டமில்லையாம்.
பில் மூவாயிரத்து ஐந்நூறு.
செருப்பு விளம்பரத்துக்கு
எனக்குத் தரவேண்டிய எண்ணூறைப் பற்றி
அவள் கதைக்கவில்லை.
மிச்சக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு
நானும் கேட்கவில்லை.