தண்ணீர் பட்ட பாடு

முதல் வாரமே மூன்று பிளாட்டி மீன்கள் செத்தன.
நான் அவற்றுக்கு ஊற்றியது
முரே பிரிட்ஜில் காசுக்குக் கிடைக்கிற
ஆகச் சிறந்த தண்ணீர்.
பத்து லிட்டர்ப் பெட்டிகள் ஐந்து,
கஜரூபன் காரிலிருந்து இறக்கி
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
'சுத்திகரிக்கப்பட்டது' என்று
எல்லாப் பெட்டியிலும் நீல எழுத்து.

சுத்தம் சோறு போடும் என்று
எங்கள் பள்ளிச் சுவரில் எழுதியிருந்தார்கள்.
எழுதியவர் மீன் வளர்த்திருக்க மாட்டார்.

மானியை விட்டுப் பார்த்தேன்: ஆறு.
குழாயில் பிடித்ததை அளந்தேன்:
முந்நூற்று நாற்பது.
ஆறு என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.
ஒன்றும் இல்லாத தண்ணீர்
சும்மா இருக்காது.
மீனுக்குள் புகுந்துகொண்டே இருக்கும்,
மீனின் உப்போ வெளியே கசிந்துகொண்டே இருக்கும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள்.
இந்தத் தண்ணீருக்கு
நினைக்க ஒருவரும் இல்லை.

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.
வாரம் நான்கு நாள் இதுதான் என் பிழைப்பு.
டயாலிசிஸ் அறைக்குப் பின்னால்
கரித்தொட்டிகள் இரண்டு, சவ்வுக்குழாய்கள்,
காலை ஆறரைக்கு நான் நனைக்கும் சோதனைத் தாள்.
நிறம் மாறாவிட்டால் கையெழுத்து.
மாறினால் ஒருவரையும் நாற்காலியில் உட்கார விடமாட்டேன்:
குளோரமின் இரத்தத்துக்குப் போனால்
சிவப்பணு உடையும்.
அங்கேயும்
வெறும் நீரை இரத்தத்தின் பக்கம் விடுவதில்லை.
சோடியம், கல்சியம், துளி பொட்டாசியம்
அளந்து கலந்த பிறகுதான்.

"ஆறு தெருக்கோடியில் ஓடுது,
குழாய்த் தண்ணிக்கு என்ன குறை?"
இறைச்சி ஆலையில் பத்து மணிநேரம் நின்றுவிட்டு வந்தவன்
கேட்பான்தான்.

ஆற்றை எனக்கும் தெரியும்.
பாலத்தின் கீழே பால் தேத்தண்ணி நிறம்.
எத்தனை ஊர்களின் வயலையும் வண்டலையும் பார்த்து வந்ததோ!
படிகாரம் போட்டு, வடித்து, மருந்தடித்து,
பிறகு நம் வீட்டுக் குழாய்.
வேலையிடத்துத் தாள் ஒன்றைக்
குழாயடியில் நனைத்தேன்.
எண்ணி முடிக்குமுன் நீலம்.

வெறும் குளோரின் என்றால்
ஒரு ராத்திரி வாளியில் வைத்தால் போய்விடும்.
குளோரமின் போகாது.
வந்தது வந்ததுதான்,
நாலு நாள் கழித்தும்
மூடியைத் திறந்தால் இருக்கும்.

ஆகவே இப்போது வாளியில் கறுப்புக் கோடு:
கோடு வரை குழாய், நச்சுமுறி ஏழு துளி,
கோட்டுக்கு மேல் பெட்டித் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு.
கோடையில் மானி ஏறினால் இன்னும் கொஞ்சம்.
சரியா என்று கேட்டால்,
இருக்கிற ஆறு மீன்களும் இன்று காலை சாப்பிட்டன.
அவ்வளவுதான் தெரியும்.
போன ஞாயிறு கஜரூபன்
அந்த வாளியிலேயே மொண்டு தேத்தண்ணி போட்டான்.
ருசி நல்லாத்தான் இருக்கு என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாற்காலி லொரெய்னுக்கு
நாளைக்கு எண்ணூறு மில்லி.
குழம்பும் அதற்குள், மாத்திரை விழுங்குவதும் அதற்குள்.
ஒரு கோப்பையில் ஐஸ்கட்டிகளை எண்ணி வாங்கிக்கொள்வாள்.
பக்கத்தில் இயந்திரம்
நான்கு மணிநேரத்தில் நூற்றிருபது லிட்டரை
அவள் இரத்தத்தை உரசிக்கொண்டு ஓடவிட்டு
வாய்க்காலில் ஊற்றும்.
அதில் ஒரு மிடறு அவளுக்கு இல்லை.

என் வாளிக் கதை முழுவதையும் கேட்டுவிட்டு
நேற்றுக் கேட்டாள்:
"ஒரு மீன் நாளைக்கு எவ்வளவு குடிக்கும்?"

ஆற்று மீன் அநேகமாகக் குடிப்பதே இல்லை, லொரெய்ன்.
செவுள் வழியாகத் தானாகவே வந்துகொண்டிருக்கும்.
அது நாள் முழுக்க மூத்திரம் பெய்துகொண்டே இருக்கும்.

நான்கு வருடமாக ஒரு துளியும் போகாதவள்
கடைசி ஐஸ்கட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
சொன்னாள்:
கொடுத்து வைத்ததுகள்.