வியர்க்க ஓர் இடம்

ஏழு ரோட்டுக்கு மேலே, பேக்கரிச் சந்தில்
நாலு மேஜை போட்டுக் கடை நடத்துகிறாள் ஓக்சுன் அம்மா.
நான் அவளுக்குப் பூம்பாறைப் பூண்டு ஏற்றிவரும் வண்டிக்காரன்.
சவரிமுத்து என்பது அவள் வாயில் சபாரி.
திருத்திப் பார்த்தேன்.
இப்போது என் வீட்டிலும் சபாரிதான்.

கொரியாவில் வெயிலுக்கென்றே சூப்புகள் உண்டாம்.
வெள்ளரியை மயிரிழையாய்ச் சீவி
காடியில் பனிக்கட்டி மிதக்க ஒன்று.
ஊறிய சோயாவை அரைத்துப் பாலெடுத்து
நூடுல்ஸ் மேல் சில்லென்று ஊற்றி ஒன்று.
மே மாதம் இரண்டையும் பலகையில் எழுதி வைத்தாள்.
மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம்
குல்லாவும் மஃப்ளருமாய் உட்கார்ந்து
பனிக்கட்டியைப் பார்த்தது,
ஜன்னலுக்குள் வரலாமா என நின்ற மேகத்தைப் பார்த்தது,
"சுடச்சுட ஏதாச்சும் இருக்கா?" என்றது.

ஆடி பிறக்கையில் காலண்டரில் மூன்று நாளுக்கு வட்டம் போட்டாள்.
அவர்கள் ஊர்க் கத்திரி. மூன்றே நாள்.
எங்களுக்கு இருபத்தைந்து என்றேன்.
பொறாமையோடு பார்த்தாள்.

அந்த நாட்களில் மட்டும் கொதிக்கக் கொதிக்கக் குடிக்க வேண்டுமாம்.
ஆளுக்கொரு குஞ்சுக் கோழி,
அதன் வயிற்றுக்குள் ஒட்டரிசி, பூண்டு, இலந்தை வற்றல்,
பள்ளிக்கூடத்து மாணவி ஒருத்தியின் அம்மா
காலுறைக்குள் சுருட்டிக் கொண்டுவந்த ஜின்செங் வேர்.
சூட்டைச் சூட்டால் எடுப்பது.
முள்ளை முள்ளால் என்போம் நாங்கள், என்றேன்.
கோழியில் முள் ஏது என்றாள்.

முதல் வட்டத்தன்று குடித்தோம்,
அவள், நான், பாத்திரம் கழுவும் மரியபுஷ்பம்.
வெளியே சாரல்.
ருசியாகத்தான் இருந்தது. மூக்கு மட்டும் ஒழுகியது.
காய்ச்சல் பார்ப்பதுபோல்
என் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.
காய்ந்து கிடந்தது.
"முடியலை," என்றாள்.
கிண்ணத்தில் எலும்புதான் மிச்சம்.
வியர்க்காமல் அது முடியாதாம்.

இரண்டாம் வட்டம் ஞாயிற்றுக்கிழமை.
ஆறு கோழிக் குண்டானைக் கம்பளியால் கட்டி
என் பிக்கப்பில், ஸ்டெப்னி டயருக்குள் உட்காரவைத்தாள்.
"இறங்கு."
எதுவரைக்கும்?
"வேர்க்கிற வரைக்கும்."

பெருமாள்மலையில் அவளுடைய சால்வை.
ஊத்தில் என் ஸ்வெட்டர்.
டம்டம் பாறையில் மரியபுஷ்பத்தின் தலைத்துண்டு.
வளைவுக்கொரு தரம் குண்டான் இருமியது.
காமக்காபட்டி செக்போஸ்ட்டில் கதவைத் திறந்தேன்,
இட்லிக் கொப்பரை மூடியைத் தூக்கினாற்போல்
முகத்தில் அடித்தது.
வந்துவிட்டோம் என்றாள்,
தூங்கி விழித்த பயணி ஸ்டேஷன் பெயரைச் சொல்வதுபோல.

புளியமரத்தடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.
எங்கள் குண்டானை எட்டிப் பார்த்துவிட்டு
அகப்பையோடு நின்ற வெள்ளைத்தாய் கேட்டாள்:
"இந்த வெயிலுக்குக் கொதிக்கிறதையா குடிப்பீக?"
ஓக்சுன் அம்மா கூழை ஒரு வாய் வாங்கினாள்.
புளிப்பு, மோர், கடித்த சின்ன வெங்காயம்.
அப்படியே நின்றாள்.
"வெள்ளரி போடலையா?" என்றாள், என்னவோ
பக்கத்து வீட்டுக்காரி சமையலில் குறை கண்டவள்போல.

பிறகு குடித்தோம்.
மேலுதட்டில் துளிர்த்தது, காதோரம் இறங்கியது,
முதுகில் சட்டை ஒட்டியது.
பிளாஸ்டிக் பாட்டில் சோதிக்க வந்த காவலர்
ஒரு தொடைக்கறியோடு திரும்பிப் போனார்.
அவள் கண்ணாடி நழுவி நழுவி விழுந்தது.
கழற்றித் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.
எந்த நீர் என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

ஈரச் சட்டையோடு மலை ஏறினோம். ஏறியிருக்கக் கூடாது.
திங்கட்கிழமை, மூக்கை உறிஞ்சியபடி,
அவள் சொல்லச் சொல்லப் பலகையில் எழுதினேன்:
ஜலதோஷம். கடை மூன்று நாள் லீவு.
கீழே அவள் தன் எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்.
பள்ளிக்கூடத்துக் கொரியப் பிள்ளைகள்
படித்துப் படித்துச் சிரித்துக்கொண்டு போகிறார்கள்.
அதில் சபாரி என்று இருப்பது மட்டும்
எனக்குத் தெரியும்.