வராத நாளின் காரணம்

தெல்லிப்பழையில் இன்றைக்குப் பதினேழாம் கதிர்.
எமிலியம்மா வரவில்லை.
சோளகம் எழும்பிவிட்டது, நெடுந்தீவுப் படகு ஓடாது என்று
குறிகட்டுவானில் டிக்கெட் கிழிக்கிற பெடியன்
போனில் சொன்னான்.

காறை எலும்புக்குக் கீழே
நான் போட்டுவிட்ட மூன்று நீலக் குறிகள்
இந்நேரம் உப்புக் காற்றில் கசியும்.
கழுவப்படாது என்று சொல்லித்தான் அனுப்பினேன்.
"கடல் தெறிச்சா நான் என்ன செய்யிறது, பிள்ளை?"
அதற்கு எங்கள் அறிவுறுத்தல் தாளில் வரி இல்லை.

முதல் நாள் கேட்டா:
"கதிர் எண்டா எனக்கு நெல்லுக்கதிர்தான் தெரியும்.
இதிலை என்ன விளையும்?"
சிரித்தேன்.
பிறகு சிரிக்க முடியவில்லை.

எனக்கு வேறொரு தீவு தெரியும்.
பசிபிக்கில் இரண்டு வருடம் வேலை.
அங்கே லிமெட் என்று ஒருத்தி.
தாலிக்கொடி கிடக்கிற இடத்தில்
பழைய வெட்டுத் தழும்பு.
ஆறு வயதில், ஒரு விடியற்காலை,
மேற்கே சூரியன் எழும்பக் கண்டவள்.
அன்றைக்கு வானத்திலிருந்து வெள்ளைத் தூள் விழுந்தது.
சவர்க்காரம் என்று தலையில் தேய்த்து விளையாடினார்களாம்.

அதன்பிறகு வருசா வருசம் கப்பல் வந்தது.
இரத்தம் எடுத்தது. படம் எடுத்தது.
நெஞ்சுக்கு நேரே இலக்கப் பலகை பிடிக்கச் சொன்னது.
"பல்வலி என்றேன்.
அது தங்கள் தாளில் இல்லை என்றார்கள்."

இதை எமிலியம்மாவுக்கு நான் சொல்லியிருக்கக் கூடாது.
இயந்திரத்துக்கு அடியில் படுத்தபடி
கேட்டுக்கொண்டிருந்தா.
"அதுவும் கதிர், இதுவும் கதிரோ?"
ஓம் என்றேன்.
அளவு, திசை, சம்மதம் என்று
ஏதோ விளக்கினேன்.
முகட்டைப் பார்த்துக்கொண்டே,
"அப்ப அதுகளிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை" என்றா.
பிறகு மூச்சை அடக்கிக்கொண்டா,
நான் சொல்லாமலே.

இன்றோடு நாலு நாள் தவறியாச்சு.
டொக்டர் கணக்கைத் திரும்பப் போடுகிறார்.
விடுதியில் தங்கலாமே என்கிறது அலுவலகம்.
ஆட்டுக்குட்டிகளுக்கு ஆர் தண்ணி வைக்கிறது
என்று அவ கேட்டதை
நான் இன்னும் அங்கே சொல்லவில்லை.

அட்டையில் ஒரு சின்னக் கட்டம்: வராததன் காரணம்.
வழக்கமாய் எழுதுவது,
நோயாளியின் கவலையீனம்.

படகு வரவில்லை, என்று எழுதினேன்.
இடம் போதாமல்
கடைசி எழுத்துகள்
நாளைக்குரிய கட்டத்துக்குள் போய்விட்டன.